எண்ணெய்ச் செல்வமும் கோதுமை வயலும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வடக்கே வந்து தங்கிவிட்ட நம் குடும்பங்களில் முதலில் நேர்ந்த மாறுதல் அடுக்களையில்தான் நேர்ந்தது எனலாம். அரிசிப் பானைக்கு அருகில் கோதுமை மாவு டப்பா ஒன்று வந்து அமர்ந்தது. முதலில் மாதம் இருமுறை, பிறகு வாரம் இருமுறை, கடைசியில் நாள்தோறும் இரவில் சப்பாத்தி என்றாகிவிட்டது. ஆயினும், அந்த மாவு எந்த வயலில் விளைந்தது, அவ்வயலுக்கு நீர் எங்கிருந்து வந்தது, நெல்லோ சோளமோ விதைக்காமல் கோதுமையையே விதைக்குமாறு உழவனைத் தூண்டியது யாது என்றெல்லாம் நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. உழவன் விதைப்பதை மழையும் மண்ணும் மட்டுமா முடிவு செய்கின்றன? தலைநகரில் எழுதப்படும் ஒரு விலையும் முடிவு செய்கின்றது. இவ்வுண்மையை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டும் வரலாறு ஒன்று அண்மைக் காலத்தில் அரேபியப் பாலைவனத்தில் நிகழ்ந்தது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத ஒரு நாடு, எண்ணெய் விற்ற பணத்தைக் கொண்டு கோதுமை விளைவித்து, உலகின் கோதுமை ஏற்றுமதி நாடுகளின் வரிசையில் ஆறாவது இடத்தைப் பிடித்து, பின்னர் தானே அவ்வயல்களை மூடிய வரலாறு அது.

அரேபியத் தீபகற்பத்தின் நடுப்பகுதிக்கு நஜ்து என்று பெயர். அந்த நஜ்து நாட்டின் வடபாகத்தில் கஸீம் என்னும் வட்டாரம் உள்ளது. வாதி அர்ருமா என்னும் நீண்ட வறண்ட ஆற்றுப் படுகை அதனூடே செல்கிறது. அரிதாகப் பெருமழை பெய்யும் ஆண்டுகளில் மட்டும் அதில் வெள்ளம் காணலாம். ஆண்டு மழை பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது மில்லிமீட்டர் அளவே. நம் இராமநாதபுரத்து மானாவாரி நிலங்கள்கூட அதைப் போலப் பல மடங்கு மழை பெறுகின்றன. ஆயினும் கஸீம் வெறும் மணற்காடு அன்று. புரைதா, உனைஸா என்னும் இரு நகரங்களையும் சூழ்ந்து பேரீச்சந் தோப்புகள் நெடுங்காலமாகச் செழித்து வந்தன. தோப்புகளின் நிழலை ஒட்டிய சிறு பாத்திகளில் குளிர்காலத்தில் கோதுமை விதைத்தார்கள். இடித்த கோதுமையைப் பாலிலோ மோரிலோ குழைய வேகவைத்துச் செய்யும் ‘ஜரீஷ்’ என்னும் உணவு அம்மக்களின் அன்றாட உணவாயிற்று. நம் வீடுகளில் கோதுமைக் குருணையில் கஞ்சி காய்ச்சுவதை அது ஒருவாறு ஒத்தது. 2023-ஆம் ஆண்டில் சவூதி அரேபிய அரசு அந்த ஜரீஷையே தன் தேசிய உணவாக அறிவித்தது.

அந்தப் பாத்திகளுக்கு நீர் இறைத்த முறையைக் கேட்டால் நம்மவர் வியப்படைவர். கிணற்றின் மேல் மரச்சட்டம்; அதில் உருளை; உருளையின் மேல் செல்லும் வடத்தின் முனையில் தோற்சால். மறுமுனையில் ஒட்டகம். கிணற்றிலிருந்து விலகிச் சரிவில் ஒட்டகம் இறங்கிச் செல்லச் செல்ல, சால் நீருடன் மேலேறி வாய்க்காலில் கவிழும்; ஒட்டகம் திரும்பி ஏற, வெறுஞ்சால் கிணற்றில் இறங்கும். காளைகளுக்குப் பதில் ஒட்டகம் என்பதைத் தவிர, இது கொங்கு நாட்டிலும் பாண்டி நாட்டிலும் நம் முன்னோர் ஓட்டிய கவலை ஏற்றமேயாகும். 1878-இல் அந்நகரங்களுக்குச் சென்று வந்த டவுட்டி என்னும் ஆங்கிலப் பயணி, இக்கிணறுகளையும் தோப்புகளையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். உனைஸா வணிகர் சிலர் பம்பாய் வரையில் வாணிகத் தொடர்பு வைத்திருந்தனர் என்பதும் அவர் வாயிலாக நாம் அறியும் செய்தி. 

இந்த இறைப்பு முறையில் ஒரு கட்டுப்பாடு தானே அமைந்திருந்தது. ஒட்டகத்தின் வலிமைக்கு மேல் நீர் இறைக்க இயலாது. கிணறு ஆழமாக ஆழமாக உழைப்பு பெருகும். உழைப்பு பெருகினால் பாத்தி சுருங்கும். ஆகவே மேல்மட்டத்தில் ஊறும் நீருக்கும் விளைச்சலுக்கும் இடையே ஒரு கணக்கு பல தலைமுறைகளாக நேராக இருந்து வந்தது. அந்த வாழ்வு வளமானது என்று சொல்வதற்கில்லை. பஞ்சம் வந்த ஆண்டுகளில் குடிபெயர்ந்தவர் பலர். ஆனால் கிணறு தன் மக்களை முற்றிலும் கைவிட்டதில்லை.

சவூதி அரேபிய அரசு 1932-இல் நிறுவப்பட்டது. 1938 மார்ச் மாதத்தில், கீழைக் கடற்கரையில் தம்மாம் என்னும் இடத்தில் தோண்டிய ஏழாவது எண்ணெய்க் கிணறு பேரளவில் எண்ணெய் தந்தது. கஸீமுக்கும் தம்மாமுக்கும் இடையே பல நூறு கிலோமீட்டர் தொலைவு. எனினும் எண்ணெயின் வருமானம் கோதுமைப் பாத்திகளை எட்டுவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை.

அந்த வருமானம் வேளாண்மையைத் தொட்டது மூன்று முறை. மூன்று முறையும் மூன்று விதமாக. முதல் முறை அது உழவைத் தளர்த்தியது. எண்ணெய் வயல்களிலும், வளர்ந்து வந்த ரியாத் நகரத்திலும், அரசாங்க அலுவல்களிலும் கூலியும் சம்பளமும் கிடைத்தன. இளைஞர்கள் கிணற்றடியை விட்டுப் புறப்பட்டார்கள். துறைமுகங்களில் வந்திறங்கிய வெளிநாட்டு மாவும் அரிசியும், உள்ளூரில் பாடுபட்டு விளைவித்த கோதுமையை விட மலிவாக இருந்தன. எண்ணெய் கிடைத்த நாடுகள் பலவற்றில் வேளாண்மைக்கு நேர்ந்த கதி இதுவே. கையில் அந்நியச் செலாவணி மிகுந்திருக்கும்போது, விளைவிப்பதை விட வாங்குவது எளிதாகிவிடுகிறது. எஞ்சியிருந்தவர்களிடம் ஒட்டகத்தின் இடத்தை டீசல் பம்பு பிடித்தது. உருளையின் கிறீச்சொலி அடங்கியது. உழைப்பு குறைந்தது என்று மகிழ்ந்தனர். உழைப்போடு சேர்ந்து பழைய கட்டுப்பாடும் போயிற்று என்பதை அப்போது உணர்ந்தவர் சிலரே.

அரசாங்கம் உழவை முற்றிலும் மறந்துவிட்டது என்றும் கூறலாகாது. 1942-இல் ட்விச்செல் என்பவர் தலைமையில் அமெரிக்க வேளாண்மைக் குழுவொன்று வந்து நாட்டைச் சுற்றிப் பார்த்தது. ரியாத்துக்குத் தெற்கேயுள்ள அல்கர்ஜில், இயற்கையாக அமைந்த ஆழ்ந்த நீர்ச்சுனைகளில் பம்புகளைப் பொருத்தி அரசாங்கப் பண்ணை ஒன்றை நடத்தினர். 1968-இல் தரிசு நிலங்களை மக்களுக்குப் பகிர்ந்தளிக்கும் சட்டம் வந்தது. எனினும் இவையெல்லாம் சிறு முயற்சிகளே.

நிலைமையைத் தலைகீழாக மாற்றியது 1973-ஆம் ஆண்டு. அவ்வாண்டு அக்டோபரில் அரபு–இஸ்ரேல் போர் மூண்டது. அரபு நாடுகள் அமெரிக்கா முதலிய நாடுகளுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த எண்ணெய் விலை, சில மாதங்களில் ஏறத்தாழ 12 டாலர் ஆயிற்று. 1980 அளவில் 30 டாலரையும் கடந்தது. கருவூலத்தில் முன்பு கனவிலும் காணாத செல்வம் குவிந்தது. ஆனால் செல்வத்தோடு ஓர் அச்சமும் வந்தது. ‘நாம் எண்ணெயை நிறுத்தினால் அவர்கள் உணவை நிறுத்தினால் என்செய்வது?’ என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்கப் பத்திரிகைகளிலும் அரசியல் மேடைகளிலும் உணவை ஓர் ஆயுதமாகக் கைக்கொள்வது பற்றிய பேச்சு வெளிப்படையாகவே அடிபட்டது. 1980 ஜனவரியில் அமெரிக்கா சோவியத் நாட்டிற்குத் தானியம் விற்பதைத் தடை செய்தபோது, அந்த அச்சம் வீண் அச்சமன்று என்று ரியாத்தில் இருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கும்.

இவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. 1966-இல் நம் நாடு ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியத்தை அயல்நாடுகளிலிருந்து வாங்கிப் பசியாறியது. கப்பல் எப்போது வரும் என்று துறைமுகத்தைப் பார்த்திருந்த அந்நாட்களின் அவமானத்தை முதியோர் பலர் நமக்குச் சொல்லியிருக்கின்றனர். அப்போது உணவமைச்சராயிருந்தவர் நம் சி. சுப்பிரமணியம். அவ்வாண்டில் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைக் கோதுமை விதையை வரவழைத்து வடநாட்டு வயல்களில் விதைக்கச் செய்தார். பிறர் கையை எதிர்பார்த்து உண்பது எந்த நாட்டுக்கும் பொறுக்கத்தக்கதன்று. கஸீமில் பின்னர் பரவலாக விதைக்கப்பட்ட ‘யெகோரா ரோஹோ’ என்னும் கோதுமையும் அதே மெக்சிகோ மரபில் வந்த குட்டை வகையே. அச்சமும் ஒன்று, விதையின் குலமும் ஒன்று. வேறுபட்டது நீர் ஒன்றே.

இரண்டாம் முறை எண்ணெய்ப் பணம் வயலுக்கு வந்தபோது வெள்ளமாக வந்தது. 1970-களின் இறுதியில் சவூதி அரசாங்கம், உள்நாட்டில் விளையும் கோதுமையை டன் ஒன்றுக்கு 3,500 ரியால் கொடுத்துத் தானே வாங்கிக் கொள்வதாக அறிவித்தது. அன்றைய நாணய மாற்றில் அது ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட தொகை. உலகச் சந்தையிலோ ஒரு டன் கோதுமை இருநூறு டாலரைச் சுற்றியே விற்றது. ஏறத்தாழ ஐந்து மடங்கு விலை! விலையோடு நின்றதா? நிலம் இலவசம்; வேளாண்மை வங்கியில் வட்டியில்லாக் கடன்; இயந்திரங்களுக்கும் உரத்துக்கும் விலையில் பெரும்பங்கு மானியம்; பம்பை ஓட்டும் எரிபொருள் உள்நாட்டில் மிக மலிவு. 1972-இல் நிறுவப்பட்ட தானியக் களஞ்சிய, மாவு ஆலை அமைப்பு, விளைந்ததையெல்லாம் வாங்கிக் கொள்ளத் தயாராக நின்றது. நட்டம் என்ற சொல்லுக்கே இடமில்லாத தொழில் உலகில் ஒன்று உண்டாயின், அந்நாளில் அது நஜ்துப் பாலையில் கோதுமை விதைப்பதாகவே இருந்தது.

நீருக்கு என்ன செய்தார்கள்? கஸீமில் ‘ஜபல் ஸாக்’ என்று ஒரு மலை உண்டு. அம்மலையின் பெயரையே நிலவியலார் ஒரு பெரும் மணற்கல் அடுக்குக்கு இட்டனர். பூமிக்கடியில் அந்த ஸாக் மணற்கல் வடக்கே தபூக்கையும் கடந்து ஜோர்டான் நாடு வரையில் பரவிக் கிடக்கிறது. அதன் துளைகளில் நீர் நிறைந்திருந்தது. அந்நீர் இன்றைய மழையின் நீரன்று. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், அரேபியாவில் பசும்புல் வளர்ந்து மழை தவறாது பெய்த ஒரு காலத்தில் நிலத்துள் இறங்கித் தங்கிய நீர் அது. மழை நின்றபின் அதற்கு மீண்டும் ஊற்று இல்லை. நம் ஊர்க் கிணறு கோடையில் வற்றினாலும் ஐப்பசியில் ஊறும். அந்த நீருக்கு ஐப்பசி இல்லை. எண்ணெய் எடுக்கக் கற்ற துரப்பணக் கருவிகளே அந்நீரை எடுக்கவும் பயன்பட்டன. பல நூறு மீட்டர் ஆழத்துக்குக் குழாய்க் கிணறுகள் இறங்கின. ஆக, நிலத்துள் கிடந்த ஒரு புதையலை விற்ற பணத்தால், நிலத்துள் கிடந்த மற்றொரு புதையலைத் தோண்டி எடுக்கலாயினர்.

எடுத்த நீரைப் பரப்பப் பிராங்க் ஸைபாக் என்ற அமெரிக்க விவசாயி கண்ட இயந்திரம் உதவியது. அவர் 1952-இல் காப்புரிமை பெற்ற கருவி அது. நடுவில் ஆழ்கிணறு, அதிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுள்ள குழாய், சக்கரங்கள் மேல் நின்று, கடிகார முள்ளைப் போல வட்டமிட்டு நீரைத் தெளிக்கும். ஒரு வட்டம் ஏறத்தாழ 120 ஏக்கர். விண்கோள்கள் எடுத்த படங்களில், செம்மணல் வெளியில் பச்சைப் பொட்டுகள் இட்டது போல இவ்வட்டங்கள் ஆயிரக்கணக்கில் காணப்பட்டன.

விளைவு உலகை வியக்கச் செய்தது. 1980-இல் ஒன்றரை இலட்சம் டன்னையும் எட்டாதிருந்த விளைச்சல், 1984-இல் நாட்டின் தேவை முழுவதையும் நிறைவு செய்தது. 1992-இல் ஏறத்தாழ 40 இலட்சம் டன் விளைந்தது. அதில் ஏறத்தாழ பாதி கப்பலேறி அயல்நாடுகளுக்குச் சென்றது. பாலைவனம் பிறருக்கு ரொட்டி வழங்குகிறது என்ற பெருமிதம் அந்நாட்டு மக்களுக்கு இருந்ததில் வியப்பில்லை. ஏழ்மையில் கிடந்த ஊர்களுக்குச் சாலையும் மின்சாரமும் வந்தன. கஸீமில் புதிய வீடுகள் எழும்பின. எண்ணெய்ச் செல்வத்தை நகரத்தார் மட்டும் நுகராமல் நாட்டுப்புறத்துக்கும் பகிர்ந்தளிக்க இது ஒரு வழி என்று ஆட்சியாளர் கருதினர். அக்கருத்தில் நியாயமும் இருந்தது.

ஆனால் பகிர்வு யாருக்குச் சென்றது? விலை டன் கணக்கில் தரப்பட்டது. ஆகவே மிகுதியாக விளைவித்தவருக்கே மிகுதியாகக் கிடைத்தது. ஆழ்குழாய்க் கிணறும் சுழல் தெளிப்பானும் வைக்க வல்லவர்கள் பெருநிலக்காரரும் நிறுவனங்களுமே. 1981-இல் தேசிய வேளாண் வளர்ச்சி நிறுவனம் தோன்றியது. ஹாயில், தபூக், கஸீம் என வட்டாரங்களின் பெயர் தாங்கிய பெரு நிறுவனங்கள் அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. வயலில் இறங்கி வேலை செய்தவர்களோ பெரும்பாலும் எகிப்து, பாகிஸ்தான், இந்தியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். இதற்கிடையில், தோப்பு வைத்திருந்த சிறு குடியானவனின் கிணற்றில் நீர் இறங்கிக்கொண்டே போயிற்று. அவன் பாட்டன் ஒட்டகத்தைக் கொண்டு இறைத்த நீர் மேல்மட்டத்து நீர். பக்கத்தில் பெரும் பம்புகள் இரவும் பகலும் ஓட, பல இடங்களில் நீர்மட்டம் பத்துப் பத்து மீட்டராகத் தாழ்ந்தது. அவனும் ஆழத்துக்குத் தோண்ட வேண்டும்; அல்லது தோப்பைக் காய விட வேண்டும்.

நீர்க் கணக்கைச் சற்றே பார்ப்போம். அந்த வெயிலில் ஒரு டன் கோதுமை விளைவிக்க ஆயிரம் கன மீட்டருக்குக் குறையாத நீர் வேண்டும். பெரும்பாலும் அதற்கும் மேலேயே. அதாவது, ஒரு டன் கோதுமைக்கு ஆயிரம் டன் நீர். 20 இலட்சம் டன் கோதுமையை ஏற்றுமதி செய்த ஓராண்டில், குறைந்தது 200 கோடி கன மீட்டர் நீர் கண்ணுக்குத் தெரியாமல் கப்பலேறியது என்று பொருள். இதே ஆண்டுகளில் ரியாத் நகரத்தார் எதைக் குடித்தனர்? பாரசீக வளைகுடாவின் கரையில் ஜுபைல் என்னுமிடத்தில் கடல்நீரைக் காய்ச்சி உப்பு நீக்கி, நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய் வழியே, கடல்மட்டத்திற்கு 600 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் கொணர்ந்த நீரை 1983 முதல் குடித்தனர். கடல்நீரைப் பெருஞ்செலவில் நன்னீராக்கி மக்களுக்கு வழங்கிய அதே நாடு, நிலத்தடியில் கிடந்த நன்னீரைக் கோதுமையாக்கி மலிவு விலையில் வெளியே விற்றது.

1980 முதல் 1999 வரையிலான இருபதாண்டுகளில் சவூதி வேளாண்மை உண்ட நீர் ஏறத்தாழ 30,000 கோடி கன மீட்டர் என்று எலி எல்ஹாஜ் என்னும் ஆய்வாளர் 2004-இல் இலண்டனில் வெளியிட்ட ஆய்வில் கணக்கிட்டிருக்கிறார். நைல் நதி எகிப்துக்குக் கொண்டு வரும் நீர் ஆறாண்டுகளுக்குச் சேர்ந்தால் எவ்வளவோ அவ்வளவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டும் ஊறாத பழநீர் என்பதும் அவர் கணிப்பு.

கணக்கை நம்பாதவர்கள் கண்ணால் காணத்தக்க சான்றுகளும் உண்டு. ரியாத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டரில் அல் அஃப்லாஜ் என்ற வட்டாரம் இருக்கிறது. அஃப்லாஜ் என்னும் அரபுச் சொல்லுக்கே நீர்க்கால்கள் என்று பொருள். அங்கே லைலா என்னும் ஊரருகில் ஏரிகள் இருந்தன. சுற்றிலும் பாலை விரிந்திருக்க நடுவே நீல நீர். எண்ணெய்க் கம்பெனியில் பணியாற்றிய அயல்நாட்டார் விடுமுறையில் அங்கே படகோட்டி மகிழ்ந்ததுண்டு. 1990-களில் அவை முற்றிலும் வற்றிப்போயின. இன்று அங்கே எஞ்சியவை உப்புப் பூத்த பள்ளங்கள். முதல் அரசாங்கப் பண்ணைக்கு நீர் தந்த அல்கர்ஜ் சுனைகளின் கதியும் இதுவே.

எண்ணெய் வருமானம் நிலையானதன்று என்ற பாடமும் உடனே வந்தது. 1986-இல் எண்ணெய் விலை பத்து டாலர் அளவுக்கு வீழ்ந்தது. அதற்கு முன்பே கோதுமையின் கொள்முதல் விலை 3,500 ரியாலிலிருந்து 2,000 ரியாலாகக் குறைக்கப்பட்டிருந்தது. அதுவும் உலக விலையைப் போல மூன்று, நான்கு மடங்கு. எண்ணெய் விலை மளமளவென்று இறங்கினாலும் கோதுமைக்குக் கொடுத்த வாக்கை உடனே திரும்பப் பெற இயலவில்லை. கடன் பட்டு இயந்திரம் வாங்கியவர்கள் எத்தனை பேர்! மானியம் என்பது கொடுக்கும்போது கொடை. சில ஆண்டுகள் சென்றபின் அது உரிமை. ஆகவே வருமானம் சுருங்கிய ஆண்டுகளிலேதான் விளைச்சல் உச்சத்தை எட்டியது. பிறகு 1990–91 வளைகுடாப் போர் கருவூலத்தைக் கரைத்தது. உழவர்களுக்குச் சேர வேண்டிய கொள்முதல் பணம் காலம் தாழ்த்தே கிடைத்தது. 1993-க்குப் பின் அரசாங்கம் வாங்கும் அளவைக் குறைக்க, 40 இலட்சம் டன் விளைந்த நாட்டில் 1996-இல் ஏறத்தாழ 12 இலட்சம் டன்னே விளைந்தது. பாலையில் பச்சை வட்டங்கள் பல, வெளிறிய வட்டங்களாயின.

மூன்றாம் கட்டம் பின்வாங்கிய கட்டம். 2008-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சவூதி அரசாங்கம், உள்நாட்டுக் கோதுமையை வாங்குவதை ஆண்டுக்கு எட்டில் ஒரு பங்கு வீதம் குறைத்து 2016-இல் அறவே நிறுத்தப்போவதாக அறிவித்தது. காரணத்தை மறைக்கவில்லை, நீர் தீர்ந்து வருகிறது என்றே கூறியது. அறிவித்தவாறே 2016-இல் கொள்முதல் நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தன்னிறைவு கண்டு விழாக் கொண்டாடிய நாடு, தான் உண்ணும் கோதுமை முழுவதையும் மீண்டும் வெளியே வாங்கத் தொடங்கியது. 

இதிலும் ஒரு விபரீதம் நேர்ந்தது. கோதுமையைக் கைவிட்ட பண்ணைகளில் பல, பால் மாடுகளுக்கான குதிரைமசால் தீவனத்துக்கு மாறின. கோதுமை குளிர்காலத்துப் பயிர். குதிரைமசாலோ கடுங்கோடையிலும் வயலில் நிற்பது. அது கோதுமையைக் காட்டிலும் மிகுதியாக நீர் குடிக்கும். நீரைக் காக்க எண்ணிச் செய்த செயல் நீரை இன்னும் விரைவாகக் கரைத்தது. கடைசியில் பசுந்தீவனத்துக்கும் தடை விதிக்க வேண்டி வந்தது. பெரும் பால் நிறுவனம் ஒன்று 2014-இல் அமெரிக்காவின் அரிசோனாப் பாலையில் நிலம் வாங்கி, அங்குள்ள நிலத்தடி நீரில் தீவனம் வளர்த்து, கப்பலில் தன் நாட்டுக்குக் கொணரலாயிற்று. அங்குள்ள மக்கள் தம் கிணறுகள் தாழ்வதாக முறையிட்டனர். கஸீமின் சிறு குடியானவன் முன்பு முறையிட்டதும் அதுவேயன்றோ?

எண்ணெய்ப் பணம் கோதுமையை அப்போதும் விட்டுவிடவில்லை. 2015-இல் சவூதி அரசாங்கத்தின் வேளாண் முதலீட்டு நிறுவனம், பங்கே என்னும் தானியக் கம்பெனியோடு சேர்ந்து, கனடா நாட்டில் புகழ்பெற்ற கோதுமை வாரியத்தின் பெரும்பங்கை வாங்கியது. மழையும் பனியும் விளைவிக்கும் வயலிலிருந்து நேரே தானியம் பெறுவது, பழநீரைத் தோண்டுவதை விட அறிவுடைமை என்று கண்டனர் போலும். முன்பு மண்ணில் இட்ட பணத்தை இப்போது களஞ்சியத்திலும் துறைமுகத்திலும் இட்டனர். 2018-இல் சிறு உழவர்கள் ஒரு வரம்புக்குட்பட்டுக் கோதுமை பயிரிட மீண்டும் இசைவு தரப்பட்டது. தீவனம் வளர்ப்பதை விடக் கோதுமை தீங்கு குறைந்தது என்ற கருத்தே அதற்குக் காரணம். பழைய கனவு அன்று அது. கனவு கலைந்தபின் எஞ்சிய கணக்கு.

ஸாக் மணற்கல்லின் நீரையே தம் எல்லைக்கப்பால் எடுத்து வந்த ஜோர்டான் நாட்டினர், 2013 முதல் அதைக் குழாய் வழியே தம் தலைநகரான அம்மானுக்குக் குடிநீராகக் கொண்டு செல்கின்றனர். 2015-இல் அந்நீரைப் பற்றி இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரே நீர், எல்லைக்கு ஒருபுறம் வயலில் கோதுமையாயிற்று. மறுபுறம் குழந்தைகளின் தாகம் தீர்க்கிறது. எது முறை என்று தீர்ப்புச் சொல்வது கடினமன்று. ஆனால் நீரை எடுத்த நாளில் அத்தீர்ப்பைச் சொல்ல எவரும் இல்லை.

இவ்வரலாற்றைக் கேட்டு, ‘பணக்கார நாட்டின் வீண் செலவு’ என்று ஒதுக்கிவிடுதல் நமக்குத் தகாது. பசிக்கு அஞ்சுவது குற்றமன்று. நாட்டுப்புறத்துக்குச் செல்வம் சேர்ப்பதும் குற்றமன்று. குற்றம் கணக்கில் நீரைச் சேர்க்காமல் விட்டதே. விலையை எழுதியவர்கள் ரியாலை எண்ணினர், டன்னை எண்ணினர், கிணற்றின் ஆழத்தை எண்ணவில்லை. எண்ணெய் வருமானம் அந்தப் பிழையை உண்டாக்கவில்லை. அதை நெடுங்காலம் மறைத்து வைத்தது. கையில் பணம் குறைந்த நாடாயின் இரண்டாம் ஆண்டிலேயே நட்டம் தெரிந்திருக்கும். பணம் மிகுந்திருந்தமையால் முப்பது ஆண்டுகள் தெரியவில்லை.

நம்மிடம் அத்தகைய எண்ணெய் இல்லை. ஆனால் அறிவிக்கப்பட்ட கொள்முதல் விலையும், மலிவு மின்சாரமும், ஆழ்குழாய்க் கிணறும் நம்மிடமும் உண்டு. பஞ்சாபில் ஆண்டுதோறும் ஊறுவதைக் காட்டிலும் மிகுதியாக நிலத்தடி நீர் எடுக்கப்படுகிறது என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணிப்புகள் மீண்டும் மீண்டும் கூறுகின்றன. அங்கே பெரிதும் நீரை உண்பது கோதுமையன்று. கோடையில் நடும் நெல். சோறுண்ணும் நமக்கு இச்செய்தி சற்று உறுத்தலாகவே இருக்கும். எனினும் பஞ்சாபுக்கு ஒரு பேறு உண்டு. அதற்குப் பருவமழை உண்டு. இமயத்து ஆறுகள் உண்டு. குறைத்து எடுத்தால் மீண்டும் ஊறும். கஸீமுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

புரைதாவிலும் உனைஸாவிலும் பேரீச்சந் தோப்புகள் இன்றும் இருக்கின்றன. ஆண்டுதோறும் கோடையின் இறுதியில் புரைதாவில் கூடும் பேரீச்சஞ் சந்தை உலகப் புகழ் பெற்றது. ஜரீஷ் இன்றும் வீடுதோறும் கொதிக்கிறது. அதற்கான கோதுமையில் ஒரு பகுதி கடல் கடந்து வந்தது. ஒட்டகம் இறைத்த கிணறுகள் சிலவற்றைப் பழம்பொருளாகப் பேணி, மரச்சட்டமும் உருளையும் வைத்துக் காட்டுகின்றனர். நம் ஊரில் கவலைக் கிணற்றுச் சுவரில் வடம் உராய்ந்து விழுந்த தழும்பைத் தடவிப் பார்த்தவர்கள் நம்மில் சிலரேனும் இருப்பர். அத்தழும்பு அங்கும் உண்டு. அந்த வடத்தின் நீளந்தான் ஒரு காலத்தில் அவ்வூரார் அறிந்திருந்த நீர்க்கணக்கு. நம் கிணற்றுக்கு இன்று எவ்வளவு வடம் வேண்டும் என்று, ஊருக்குச் செல்லும்போது ஒருமுறை விசாரித்துப் பார்ப்போம்.